சும்மா கிடக்கும் டேப்லெட் ஏன் சுடுகிறது?



பிள்ளைகள் பாடம் பார்க்க, வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, மின்கட்டணம் கட்ட என்று இன்றைக்குப் பல வீடுகளில் ஒரு டேப்லெட் இருக்கிறது. ஒரு மணி நேரமாக அதை யாரும் தொடவில்லை, திரை அணைந்திருக்கிறது, சார்ஜரிலும் இல்லை. ஆனாலும் கையில் எடுத்தால் சுடுது, சார்ஜும் பாதியாகக் குறைந்திருக்கு. உடனே "பேட்டரி போச்சு" என்று முடிவு கட்டி விடுகிறோம். கொஞ்சம் பொறுங்க. நாம வேலை கொடுக்காத நேரத்திலும் வேறு ஏதோ ஒரு செயலி அதனிடம் வேலை வாங்கிக்கொண்டிருக்கலாம். அது எந்தச் செயலி என்று கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

டேப்லெட்டுக்குள் இருக்கும் பிராசஸர் வேலை செய்தால் சூடு வரும். பெரும்பாலான டேப்லெட்டுகளில் மின்விசிறி கிடையாது. சூடு அதன் உடம்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். திரை அணைந்ததும் பிராசஸர் பெரும்பாலும் தூங்கிவிடும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் இதற்கென்றே 'டோஸ்' என்ற வசதி இருக்கிறது. சும்மா கிடக்கும் கருவியில் பின்னணி வேலைகளை ஒத்திப்போட்டு, இடைவெளி விட்டு மொத்தமாக முடிக்கும். அதனால் சும்மா கிடப்பது சுடுகிறது என்றால், ஏதோ ஒன்று அதைத் தூங்கவிடவில்லை.

முதலில் வெளிச் சூட்டைப் பாருங்க. ஐபேடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள் நிறுவனம். நம்ம ஊர் கோடையில் ஜன்னலோர வெயிலும் பூட்டிய காரும் அதை எளிதாகத் தாண்டிவிடும். நிழலில், உறையைக் கழற்றி, மேசை மேல் வையுங்க. ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீங்க. உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகும் சுட்டால், வரிசையாக நான்கு சோதனைகள்.

ஒன்று: அண்மையில் சிஸ்டம் அப்டேட் செய்தீர்களா? புகைப்படங்கள் எல்லாம் பேக்கப் ஆகின்றனவா? அப்படியானால் ஓரிரு நாள் சூடு இருப்பது இயல்பு. வைஃபையில் விட்டு, வேலை முடியட்டும்.

இரண்டு: செட்டிங்ஸில் 'பேட்டரி' பகுதிக்குப் போய், எந்தச் செயலி எவ்வளவு சார்ஜ் எடுத்தது என்று பாருங்க. நீங்கள் திறக்கவே இல்லாத செயலி மேலே நின்றால் அதுதான் சந்தேகத்துக்குரியது. அதை 'ஃபோர்ஸ் ஸ்டாப்' செய்து, அப்டேட் செய்து, டேப்லெட்டை ரீஸ்டார்ட் செய்யுங்க. மறுபடியும் மேலே வந்தால் அதன் பின்னணி இயக்கத்தைக் கட்டுப்படுத்துங்க. ஐபேடில் 'பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ்' என்பதை அணைக்கலாம்.

மூன்று: ஒரு மணி நேரம் ஏரோபிளேன் மோடில் வையுங்க. குளிர்ந்துவிட்டால் காரணம் இணையத்தோடு தொடர்புடையது. சிம் போட்ட டேப்லெட் என்றால், சிக்னல் பலவீனமான இடத்தில் டவரைத் தேடித் தேடியே சூடாகும்.

நான்கு: சேஃப் மோட். பல ஆண்ட்ராய்டு கருவிகளில் பவர் பட்டனை அழுத்தி, 'பவர் ஆஃப்' என்பதைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் இது வரும். இந்த நிலையில் நாம பதிவிறக்கிய செயலிகள் இயங்காது. இதில் குளிர்ந்துவிட்டால் குற்றவாளி நாம சேர்த்த செயலிதான். கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்க. சேஃப் மோடிலும் சுட்டால், தகவல்களைப் பேக்கப் எடுத்துக்கொண்டு சர்வீஸ் மையத்துக்குப் போங்க.

'கூலர்', 'கிளீனர்' என்று வரும் செயலிகளை நம்ப வேண்டாம். அவையும் பின்னணியில் ஓடுபவைதான்.

இப்போது கவனமாகக் கேட்க வேண்டிய விஷயம். சூடு சில நேரம் திருட்டின் அடையாளம். 2017 டிசம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'லோவாப்பி' என்ற ஆண்ட்ராய்டு தீநிரலைப் பற்றி எழுதியது. நமக்குத் தெரியாமல் அது மொனேரோ என்ற மின்பணத்தை உருவாக்கும் வேலையைச் செய்யும். அவர்கள் சோதித்த போனில் இரண்டே நாளில் பேட்டரி வீங்கி, மூடியே கோணலாகிவிட்டது. இன்றைக்குக் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்புகள் வருகின்றன. அவற்றை நிறுவினால் நம் எஸ்.எம்.எஸ்.ஸும் ஓ.டி.பி.யும் அடுத்தவர் கைக்குப் போகலாம்.

பெயர் தெரியாத செயலி இருந்து, அதை நீக்கும் பட்டனும் வேலை செய்யாவிட்டால், முதலில் இணையத்தைத் துண்டியுங்க. செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்', 'அக்சசிபிலிட்டி' இரண்டிலும் அதன் அனுமதியை எடுத்துவிட்டு நீக்குங்க. வங்கிக் கடவுச்சொல்லை வேறு கருவியிலிருந்து மாற்றுங்க. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்க. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் தீநிரல் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசு சேவைச் செயலிகளை, வெளியிட்டவர் பெயரைச் சரிபார்த்து, பிளே ஸ்டோரிலிருந்தோ ஆப் ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்க.

டேப்லெட்டின் பின்பக்கம் உப்பியிருந்தால் மேலே சொன்ன சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க, குத்தாதீங்க, குப்பைத் தொட்டியிலும் போடாதீங்க. அணைத்துவிட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, சர்வீஸ் மையத்தில் ஒப்படையுங்க.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அந்த பேட்டரி பகுதியை ஒருமுறை திறந்து பாருங்க. இரண்டு நிமிஷ வேலைதான்.