உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிறிஸ்துமஸ் காலத்தில் பக்தியும் தர்மமும் நடுவிடத்தில் நிற்பது எப்படி என்று பேசும்படி அறக்கட்டளைக் குழுவினர் கேட்டார்கள். நவம்பர் மாதத்தில் பேசக் கேட்டது நல்லதாயிற்று. டிசம்பர் இருபதாம் தேதிக்குமேல் இந்தப் பேச்சால் பயனில்லை. அதற்குள் பணம் கைமாறியிருக்கும். நாட்களுக்கும் பங்கு பிரித்தாகியிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு கிறிஸ்துமஸ் விழா, அலுவலகத்தில் ஒன்று, ஞாயிறு பள்ளி நாடகம், பாடகர் குழுப் பயிற்சி, கேரல் ரவுண்ட்ஸ், வெள்ளையடிப்பு, ஜவுளிக்கடை, முறுக்கு, முந்திரிக்கொத்து, குடில், ஸ்டார். இவற்றைக் குறைசொல்ல நான் வரவில்லை. பனி கொட்டும் பின்னிரவில் தெருத்தெருவாகப் பாடிப் போகிற பிள்ளைகளை எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளைக்கு ஒரு நல்ல துணி எடுக்க ஆண்டு முழுவதும் சீட்டுக் கட்டுகிற தாயின் அன்பை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். என் கவலை வரிசையைப் பற்றியது. எல்லாச் செலவும் போக மிஞ்சுவதை ஏழைக்கு வைக்கிறோம்; எல்லா வேலையும் போக மிஞ்சும் நேரத்தை ஜெபத்துக்கு வைக்கிறோம். டிசம்பரில் இரண்டுமே மிஞ்சுவதில்லை.

திருநெல்வேலிச் சபைகளின் கைப்பிடி அரிசிக் காணிக்கையை இங்கே பலர் அறிவீர்கள். உலைக்கு அரிசி அளக்கும்போதே வீட்டு அம்மா ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார். சேர்ந்த அரிசி கோயிலுக்குப் போகும். அந்தப் பிடி எடுக்கப்படும் நேரத்தைக் கவனியுங்கள். எல்லோரும் உண்டு முடித்தபின் பானையின் அடியில் கிடப்பதிலிருந்து அதை எடுப்பதில்லை. உலையில் அரிசி விழும் முன்பே அது பிரிந்துவிடுகிறது. அன்றைக்கு அரிசி போதவில்லையென்றால் குறைவது வீட்டாரின் பங்கு, கர்த்தருடைய பங்கு குறையாது. அரிசி எடுக்கும் அந்தக் கணத்தில் ஒரு சிறு ஜெபமும் சேர்ந்துகொள்ளும். பக்தி ஒரு வேளை, தர்மம் வேறொரு வேளை என்று அந்த அம்மாவுக்கு இல்லை. இரண்டும் ஒரே கைவேலைதான்.

வடகிழக்கில் மிசோ மக்களின் சபைகளிலும் இதே வழக்கம் 1910-இல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. அடுப்படியில் பெண்கள் பிரித்துவைக்கும் அரிசி அங்கே ஊழியத்துக்கான பெரிய வருவாய்களில் ஒன்று. வசதி வந்தபிறகு கொடுக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

திருநெல்வேலிச் சபைகளின் இந்த மரபிலிருந்து புறப்பட்டவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் வெள்ளாளன்விளையில், ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில் கடல் தாண்டி ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். அது அவரை உலுக்கியது. அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. சொந்த ஆட்கள், சொந்தப் பணம், சொந்த நிர்வாகம் என்பது அதன் கொள்கை. அதுவரை வெளிநாட்டார் கொடுக்க வாங்கிப் பழகியிருந்த சபை, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்குத் தன் ஊழியரை அனுப்பியது.

அசரியாவும் அவருடைய உடன் ஊழியரான கே.டி. பாலும் சேர்ந்து உழைத்த தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கிய நாள் எது தெரியுமா? 1905 டிசம்பர் 25. பல மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் வங்காளத்துச் செராம்பூரில், கேரி நூலகத்தில் கிறிஸ்துமஸ் நாளன்று கூடி அதை நிறுவினார்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், பண்டிகை இருந்தது. 1912 டிசம்பர் 29-ஆம் தேதி, அதுவும் கிறிஸ்துமஸ் வாரத்தில்தான், அசரியா கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல்முறை. தோர்ணக்கல் சபையாரில் பெரும்பாலோர் கூலிவேலை செய்த ஏழைகள். அவர்களிடத்திலும் கொடுக்கும் பழக்கத்தை அவர் வளர்த்தார். ஏழையிடம் காணிக்கை கேட்கலாமா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். கேட்காமலிருப்பதுதான் ஏழையை அவமதிப்பது என்பது என் எண்ணம். கொடுக்கிறவர்களின் வரிசையில் நிற்க அவருக்கும் உரிமை உண்டு.

முன்னமே எடுத்துவைத்துக் கொடுப்பதற்கு வேதத்திலேயே மாதிரி இருக்கிறது. எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் காணிக்கை சேர்த்தபோது, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கச் சொன்னார். தாம் வந்து சேர்ந்தபின் வசூல் நடத்த வேண்டியிருக்கக் கூடாது என்றார். கடைசி நேரத்து வசூலில் பிறர் முகம் பார்த்துக் கொடுப்பது நேர்ந்துவிடும். முன்னமே எடுத்துவைத்ததில் மனம் இருக்கும்.

திருச்சபை நாட்காட்டியும் இந்த வரிசையையே சொல்லித்தருகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். அது காத்திருப்பின் காலம். பழைய சபைகளில் நோன்பின் காலம். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களில் பலர் இன்றும் டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருபத்தைந்து நாள் நோன்பு இருக்கிறார்கள். பண்டிகை தொடங்குவது 25-ஆம் தேதி. ஜனவரி 6-ஆம் தேதி ஞானியர் வருகைவரை பன்னிரண்டு நாள் அது நீளும். நாமோ காத்திருக்க வேண்டிய வாரங்களில் விருந்து உண்டுவிட்டு, 25-ஆம் தேதி விடியற்கால ஆராதனை முடிந்து பிரியாணி உண்டதும் பண்டிகை முடிந்ததென்று படுத்துவிடுகிறோம்.

மறுநாள் 26-ஆம் தேதி ஸ்தேவானின் திருநாள். முதல் இரத்தசாட்சி என்றே அவரை நினைக்கிறோம். அவர் எந்த வேலைக்குத் தெரிந்துகொள்ளப்பட்டார் என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் பாருங்கள். அன்றாட உணவுப் பகிர்வில் கிரேக்கமொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள் என்று சபையில் முறுமுறுப்பு எழுந்தது. அதைச் சரிசெய்யத் தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரில் முதல் பெயர் ஸ்தேவான். கிறிஸ்து பிறந்த நாளுக்கு அடுத்த நாளிலேயே, பந்தியில் விடுபட்டவர் யார் என்று தேடப் பொறுப்பேற்றவரைத் திருச்சபை நிறுத்தியிருக்கிறது. நம் சேகரங்களில் அந்த நாளில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஓய்வு. அன்றைக்கு ஓர் அசனம் வைத்தால் என்ன? ஊரில் தனித்திருக்கும் முதியவரும், வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளும், மதம் பாராமல், நம்மோடு ஒரே பந்தியில் உட்காரட்டும்.

ஒரே பந்தி என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மேடைக்கு அழைத்து, சேலையைக் கையில் கொடுத்து, விடாமல் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்க வைக்கும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. வாங்குகிற அந்த அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் அந்தப் படத்தை நோட்டீசில் அச்சிட மாட்டார்கள்.

பெத்லகேமிலேயே இதற்கு மறுமொழி இருக்கிறது. வயலோரத்து விளைச்சலை முற்றிலும் அறுக்காமல், சிந்தின கதிரைப் பொறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியராகமப் பத்தொன்பதாம் அதிகாரத்துக் கட்டளை. மோவாப் நாட்டு விதவையான ரூத், பெத்லகேம் வயலில் அந்தக் கட்டளையை நம்பித்தான் கதிர் பொறுக்கப் போனாள். போவாஸ் அதற்கும் ஒரு படி மேலே போனார். அரிகளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் உருவிப் போட்டுவிடும்படியும், பொறுக்கும் அவளை அதட்டாதபடியும் வேலையாட்களுக்குச் சொல்லிவைத்தார். தனக்காகவே போடப்பட்டது என்று தெரியாமல், தன் உழைப்பின் பலனாக அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அந்த ரூத்தின் பெயர் மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றில், இயேசுவின் முன்னோரிடையே நிற்கிறது. இயேசுவைப் பெற்றவர்களும் வசதியுள்ளவர்கள் அல்லர். பிள்ளையை ஆலயத்துக்குக் கொண்டுபோனபோது அவர்கள் செலுத்தியது ஆட்டுக்குட்டி வாங்க முடியாதவர்களுக்கென்று நியாயப்பிரமாணம் அனுமதித்த பறவைக் காணிக்கை.

ஆகையால் இந்தச் சேகரத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். திருவருகைக் காலத்து முதல் ஞாயிறன்றே தர்மத்துக்கான தொகையை வீடுதோறும் பிரித்துவைத்துவிடுங்கள். ஜவுளிக்கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும். காலையில் கைபேசியைத் தொடுமுன் லூக்கா சுவிசேஷத்தில் ஓர் அதிகாரம் வாசியுங்கள். இருபத்துநான்கு அதிகாரங்கள், டிசம்பர் முதல் தேதி தொடங்கினால் 24-ஆம் தேதி முடிந்துவிடும்.

லேவியராகமத்தின் அதே அதிகாரத்தில், கதிர் பொறுக்கும் கட்டளைக்குச் சற்றுக் கீழே, கூலிக்காரனின் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்ற கட்டளையும் இருக்கிறது. நம் பிள்ளைகளின் உடுப்புக்காக 24-ஆம் தேதி நள்ளிரவுவரை தையல் மிஷினை மிதிப்பவருக்கும் பண்டிகை உண்டு. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கும் பிள்ளைகள் உண்டு; அவர்களுக்கும் துணி எடுக்க வேண்டும். தையற்கூலியைத் துணி கொடுக்கும்போதே கொடுத்துவிடுங்கள். அக்காவின் சம்பளத்தையும் போனஸையும் டிசம்பர் முதல் வாரத்தில் கொடுங்கள், 25-ஆம் தேதி அவருக்குச் சம்பளத்தோடு விடுமுறையும் கொடுங்கள். அன்றைய பாத்திரங்களை நாம் தேய்த்துக்கொள்ளலாம்.