உப்பளத்தைத் தேடி வந்த எழுத்தாளர்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

பெண் எழுத்தாளர் ஒருத்தரைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் ராஜம் கிருஷ்ணன் அம்மாவை எடுத்துக்கிட்டேன்.

முசிறியில் 1925-இல் பிறந்தவங்க. 15 வயசில் கல்யாணம். பெரிய படிப்பு கிடையாது. கணவர் மின்துறைப் பொறியாளர். அவருக்கு மாற்றல் வந்த ஊருக்கெல்லாம் கூடவே போய், வீட்டு வேலைக்கு நடுவில் படிச்சு, எழுதிப் பழகினாங்க. நீலகிரியில் படுகர் மக்களைப் பார்த்து எழுதினது 'குறிஞ்சித் தேன்'. 1973-இல் 'வேருக்கு நீர்' நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது வந்தது.

நமக்கு முக்கியம் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களின் கதை. அந்த அம்மா வீட்டில் உட்கார்ந்து கற்பனை பண்ணி எழுதலை. அளத்துக்கே வந்து, வேலை செய்யிறவங்ககிட்ட பேசி, அவங்க பேச்சையும் காதில் வாங்கிக்கிட்டுத்தான் எழுதினாங்க. உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணை என்ன பண்ணும், உப்புத் தண்ணியில் நின்ன கால் என்ன ஆகும், வேலைக்குப் போற இடத்தில் ஒரு பொண்ணு எப்படியெல்லாம் தன்னைக் காப்பாத்திக்கணும்... பொன்னாச்சியைப் படிச்சா தெரியும். சில இடத்தில் அறிவுரை கொஞ்சம் தூக்கல்தான். பொறுத்துக்கிட்டுப் படிங்க. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி, பெண் சிசுக்கொலை பற்றியும் எழுதியிருக்காங்க.

இன்னொண்ணைச் சொல்லாம விட மனசு வரலை. இவ்வளவு எழுதினவங்க, கணவர் போன பிறகு, பிள்ளைகளும் இல்லாம, இருந்த சேமிப்பும் கைவிட்டுப் போய், கடைசிக் காலத்தில் முதியோர் இல்லத்தில் இருந்தாங்க. 2009-இல் அரசு அவங்க நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. வழக்கமா எழுத்தாளர் மறைந்த பிறகு செய்யிறது, இவங்களுக்கு உயிரோட இருக்கும்போதே நடந்தது. 2014-இல் காலமானாங்க.

இதைக் கேட்டதும் எனக்கு நம்ம பாஸ்புக்தான் ஞாபகம் வந்தது. கடன் நம்ம பேரில், கையெழுத்து நம்மளது. வாங்கின பணமும் வீட்டுப் பத்திரமும் யார் கையில் இருக்கு? இன்னைக்கு ராத்திரி வீட்டில் எடுத்துப் பாருங்க.

'கரிப்பு மணிகள்' ஒரு பிரதி அலுவலக அலமாரியில் வெச்சிருக்கேன். படிக்கத் தெரியாத அக்காமாருக்கு, மாதக் கூட்டம் முடிஞ்சதும் அரை மணி நேரம் நானே வாசிக்கிறேன். அடுத்த மாசமே ஆரம்பிச்சிடலாம்.