கவுன்சில் வரியில் ஒரு படி கீழே



லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று எங்கள் ஆட்கள் கூடி வாழும் இடங்களில், மார்ச் மாதம் கவுன்சில் வரிக் கடிதம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான்: இந்த முறை எவ்வளவு கூட்டியிருக்கிறார்கள்? தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிடுகிறோம். சலுகைகள் பற்றிய பகுதியை வாசிப்பவர் குறைவு. விசேட தேவையுள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் வாசிக்கவேண்டியது அதைத்தான்.

இங்கிலாந்தில் 1991 ஏப்ரலில் ஒரு வீடு என்ன விலை போயிருக்கும் என்று கணித்து, ஏ முதல் எச் வரை எட்டு பேண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வீடு பெரிதானால் பேண்டும் ஏறும், வரியும் ஏறும். ஆனால் பிள்ளையின் இயலாமையால்தான் வீட்டில் கூடுதல் இடம் வேண்டியிருக்கிறது என்றால், அந்த இடத்துக்காகக் குடும்பம் கூடுதல் வரி கட்டுவது நியாயமா? 1992ஆம் ஆண்டு விதிகள் இதற்குத்தான் வழி செய்தன. தகுதி உள்ள வீட்டை ஒரு பேண்ட் கீழே இருப்பதாகக் கருதி வரி போடவேண்டும்.

இது தருமம் அல்ல. உங்கள் சம்பளம், சேமிப்பு எதையும் கேட்கமாட்டார்கள். வாடகை வீடென்றாலும் கவுன்சில் வரி உங்கள் பெயரில் வந்தால் போதும்.

டி பேண்டுக்கு ஆண்டு வரி 2,000 பவுண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படி இறங்கினால் ஏறக்குறைய 222 பவுண் மிச்சம். ஈ பேண்டிலிருந்து டிக்கு இறங்கினால் 444 பவுண். ஏ பேண்டுக்குக் கீழே படியே இல்லை என்பதால் அந்த வீடுகளுக்கு முன்பு ஒன்றும் கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து அவற்றுக்கும் ஆறில் ஒரு பங்கு குறைகிறது.

இனித்தான் பலர் சறுக்கும் இடம். விண்ணப்பத்தில் பிள்ளையின் வருத்தத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். கவுன்சில் பார்ப்பது வீட்டை. பிள்ளைக்குத் தேவையான இரண்டாவது குளியலறையோ இரண்டாவது சமையலறையோ இருக்கவேண்டும். அல்லது பெரும்பாலும் பிள்ளையே பயன்படுத்தும் வேறொரு அறை இருக்கவேண்டும். அல்லது வீட்டுக்குள்ளேயே சக்கர நாற்காலி ஓடுவதற்கான இடம் வேண்டும். வெளியே போகும்போது மட்டும் எடுக்கும் சக்கர நாற்காலி கணக்கில் வராது. இருக்கிற ஒரே குளியலறையை இடித்துப் பிள்ளைக்கு ஏற்றமாதிரிக் கட்டினாலும் அது இரண்டாவது ஆகாது. மேல்மாடிக் குளியலறை அப்படியே இருக்க, படி ஏற முடியாத பிள்ளைக்காகக் கீழே இன்னொன்று கட்டியிருந்தால் கேட்கலாம்.

அறை விஷயத்தில்தான் இழுபறி. எந்தப் பிள்ளைக்கும் படுக்க ஓர் அறை வேண்டும்தானே என்பார்கள். அந்த அறை பிள்ளையின் நலனுக்கு இன்றியமையாதது, அல்லது மிக முக்கியமானது என்றும், அதற்குக் காரணம் இயலாமைதான் என்றும் நீங்கள் காட்டவேண்டும். உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு, மருத்துவக் கருவிகளுக்கு, ஓட்டிசம் உள்ள பிள்ளை சத்தமும் வெளிச்சமும் இல்லாமல் அமைதியாவதற்கு என்று தனியாக ஒதுக்கிய அறையானால், அங்கே தினமும் என்ன நடக்கிறது என்பதை எழுதுங்கள். மருத்துவரின் கடிதமும் அந்த அறையைப் பற்றியே பேசட்டும். கவுன்சிலிலிருந்து ஆள் வந்து பார்க்கவும் கூடும்; அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

கவுன்சிலின் உதவிப் பணத்திலேயே கீழே குளியலறை கட்டியவர்களும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பணம் தந்த பிரிவு வேறு, வரிப் பிரிவு வேறு. ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்கும் தெரியும் என்று இருந்துவிடாதீர்கள்.

மறுத்தால் முதலில் கவுன்சிலுக்கே எழுதுங்கள். பதில் தர அவர்களுக்கு இரண்டு மாதம். அந்தப் பதிலும் சரியில்லை என்றால், அது வந்து இரண்டு மாதத்துக்குள் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை.

விண்ணப்பிக்க, கவுன்சிலின் வரிப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து 'டிஸேபிள்ட் பேண்ட் ரிடக்ஷன்' படிவம் என்று கேளுங்கள். இதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் குறைப்பார்களா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள்.