முத்துச் சல்லடையும் பெண்கள் மார்பும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பெண்களுடைய மார்பைப் பற்றியது. இதைச் சொன்னவுடனேயே சில பேர் தலையைக் குனிந்துகொண்டீர்கள், சில பேர் சிரிக்கிறீர்கள். கோயில் தூணிலும் கோபுரத்திலும் செதுக்கி வைத்திருக்கிற மார்பைக் குடும்பத்தோடு நின்று கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள், அதே அவயவத்தைப் பற்றி வைத்திய சாஸ்திரம் சொல்லுவதைக் கேட்க வெட்கப்படுவது வேடிக்கைதான்! வெட்கம் உங்களோடு இருக்கட்டும். நான் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.

இது முத்துக் குளித்த கரை. 1961-ஆம் வருஷத்தோடு அந்தத் தொழில் இங்கே நின்றுபோய்விட்டது. குளித்த காலத்தில் முத்துக்களை 10 பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுச் சலிப்பார்கள். முதல் சல்லடைக்கு 20 கண், கடைசிச் சல்லடைக்கு 1000 கண். பிறகு உருட்சியையும் ஒளியையும் பார்த்து ஆணி, வடிவு, குறுவல், கழிப்பு என்று பேர் சொல்லி விலை போடுவார்கள். ஒரே பாரில், ஒரே தண்ணீரில் வளர்ந்த சிப்பியானாலும் ஒரு முத்தைப் போல் இன்னொன்று இராது. விற்கிற சரக்குக்குச் சல்லடை வேண்டியதுதான். பெண் பார்க்கப் போகிறவர்கள் கையிலும் ஒரு சல்லடை எதற்காக? மார்பு சிறுத்தவளுக்குப் பால் சுரக்காதாம்; ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் தோஷமாம். பெண் என்ன, கடைச்சரக்கா?

மார்புக்குள்ளே இருப்பது என்ன? 15 முதல் 20 வரை மடல்கள். ஒவ்வொரு மடலிலும் திராட்சைக் குலைபோலப் பால் சுரப்பிகள். அவைகளிலிருந்து வரும் குழாய்கள் காம்பில் வந்து திறக்கின்றன. சுற்றிலும் கொழுப்பு. ஒருத்திக்குப் பெரிதாகவும் ஒருத்திக்குச் சிறிதாகவும் இருப்பது பெரும்பாலும் இந்தக் கொழுப்பினால் வருகிற வித்தியாசம். பாலோ, பிள்ளை சப்பச் சப்பச் சுரப்பது. சுரப்பியே குறைவாக அமைந்த சிலர் உண்டு. அதை வெளியளவைப் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கிற பெண்தான் அபூர்வம்.

பெண் குழந்தைகளுக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் காம்புக்கு அடியில் பொத்தான்போல் ஒரு கட்டி எழும்பும். தொட்டால் வலிக்கும். பல பேருக்கு ஒரு பக்கம் முதலிலும், மறு பக்கம் சில மாதம் கழித்தும் வரும். இதைக் கண்டு பயந்து மந்திரிக்கிறவனிடம் ஓடுகிறார்கள். கட்டி என்று நினைத்துக் கீறி எடுக்கச் சொல்லுகிறவர்களும் உண்டு. தாய்மார்களே, நன்றாய்க் கேளுங்கள்! அதைக் கீறி எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்து மார்பு பிறகு வளரவே வளராது. முளையைக் கிள்ளிவிட்டு மரத்தைத் தேடுகிற கதைதான்.

ஆண்பிள்ளைகள் சிரிக்க வேண்டாம். வாலிபம் வரும்போது ஆண்பிள்ளைகளிலும் பல பேருக்கு மார்பு சற்று வீங்கும். பெரும்பாலும் இரண்டொரு வருஷத்தில் தானே வற்றிவிடும். பிறந்த சிசுவுக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், தாயின் இரத்தத்திலிருந்து வந்த சத்தினால் மார்பு வீங்கிச் சொட்டுப் பால்கூட வரும். அதைப் பிதுக்கி எடுக்கிற பாட்டிகள் தயவுசெய்து கையை வைக்காதீர்கள். பிதுக்கினால் சீழ்க்கட்டி பிடித்துவிடும்.

மதுரை மீனாட்சிக்கு வருவோம். தடாதகை மூன்று ஸ்தனங்களோடு தோன்றினாளாம். கயிலையில் மணவாளனைக் கண்டதும் ஒன்று மறைந்ததாம். உண்மையில் கருவிலே குழந்தைக்கு அக்குளிலிருந்து தொடையிடுக்கு வரை இரண்டு பக்கமும் ஒரு பால்கோடு உண்டாகிறது. நாய்க்கும் பன்றிக்கும் அந்தக் கோடு நெடுகிலும் காம்புகள் நிற்கின்றன. மனிதருக்கு ஒரு ஜோடி நின்று மற்றது அழிந்துபோகிறது. அழியாமல் எங்கேயாவது மிச்சமிருந்தால் அதுதான் அதிகப்படிக் காம்பு, அக்குள் கட்டி. நூற்றுக்கு ஒருவர் இருவருக்காவது அது இருக்கும். பல பேர் மச்சம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது புருஷனைக் கண்டு மறைகிறதில்லை. பிள்ளை பெற்றதும் அக்குளில் வீங்கிக்கொண்டு வருகிறது! அம்மனுக்கு இருந்தால் திருவிளையாடல், உப்பளத்தில் வேலை செய்கிற பெண்ணுக்கு இருந்தால் தோஷம் என்பது என்ன நியாயம்?

மானம் போய்விடும் என்கிறீர்கள். அந்த மானத்தின் யோக்கியதையையும் பாருங்கள். நமக்கு மேற்கே திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நாடார் பெண்கள் மேல்சாதிக்காரர்களுக்கு முன்னால் மார்பை மூடக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். தோள்சீலை போட்டவர்களின் துணி கிழிக்கப்பட்டது, கலகம் நடந்தது. 1859 ஜூலை 26-ல்தான் மகாராஜா மூடிக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாதாம். முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணி கட்டிக்கொள்ளலாமாம்! அன்றைக்கு மூடினால் அடித்தார்கள். இன்றைக்கு டாக்டரிடம் காட்டினால் மானம் போய்விடும் என்கிறார்கள். இரண்டிலும் அந்தப் பெண்ணை யார் கேட்டார்கள்?

பிறவியிலேயே உள்ள வித்தியாசத்துக்கு வைத்தியம் வேண்டியதில்லை. புதிதாக வந்த மாறுதல் வேறு. முன்பில்லாத கட்டி, புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, காம்பில் இரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல்போல் குழி விழுந்த தோல் இவைகளில் எது கண்டாலும் நாள் கடத்தாதீர்கள். இளம் பெண்களுக்கு வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல; எது எது என்று பரிசோதித்தால்தான் தெரியும். வலியில்லை என்று சும்மா இருப்பது மகா தவறு. தூத்துக்குடியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மணப்பாட்டிலிருந்தும் வேம்பாரிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே, உங்கள் வீட்டுப் பெண்கள் தனியே போகக் கூச்சப்பட்டால் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு நீங்களும் கூடப் போங்கள்.