தண்டனையே திருத்தும்!

நடுவர் அவர்களே! எதிரணி அம்மையார், "மன்னித்து விடுங்கள், மனிதன் தானே திருந்துவான்" என்றார்கள். எங்கேம்மா திருந்துறான்? ஹெல்மெட்டை முழங்கையில மாட்டிக்கிட்டுப் போறான். தூரத்துல போலீஸைப் பார்த்தா தலைக்கு ஏறுது. தாண்டினதும் திரும்பக் கைக்கு வருது. விழுந்தா உடையப் போறது முழங்கையா, தலையா? (சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்கிறோம். ஆனால் இந்த 'யார் கேட்கப் போறாங்க' என்ற துணிச்சல்தானே பெரிய கொடுமைகளுக்கும் விதை!

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளி. சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரை வகுப்பறைக்குத் தாவியது. 94 பிஞ்சுகள் கருகிப் போயின. தீர்ப்பு வந்தது எப்போது? 2014-இல்! எட்டு வயதில் போன பிள்ளை இருந்திருந்தால், அன்றைக்கு ஓட்டுப் போடுகிற வயது ஐயா! பள்ளி நிறுவனருக்கு விதித்த ஆயுள் தண்டனையும் 2017-இல் மேல்முறையீட்டில், அதுவரை சிறையில் இருந்த காலமாகக் குறைந்தது.

மன்னிப்பு பெரிய குணம்தான். ஆனால் மன்னிக்கிற உரிமை பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அல்லவா உண்டு? நாம் யார் அதைத் தூக்கிக் கொடுக்க? குற்றவாளிக்கு இரக்கம் காட்டிக் காட்டி, பெற்றவளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டோமே!

ஆகவே, குற்றங்களைக் குறைப்பது காலத்தோடு கொடுக்கும் தண்டனையே, தண்டனையே என்று கூறி அமைகிறேன்.