பாகூர்க் கோயிலும் அதன் எழுத்துச் சுவரும்



புதுச்சேரியிலிருந்து தெற்கே கடலூர்ச் சாலையில் சென்று, மேற்கே பிரியும் பாதையில் திரும்பினால், இருபுறமும் நெல்வயல் விரியும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வது வெறும் புகழுரையன்று. அந்த வயல்களுக்கு நடுவே இருப்பது மூலநாதர் கோயில். கல்வெட்டுகள் அதனைத் திருமூலட்டானம் என்று குறிக்கின்றன.

சிறுவயதில் பலமுறை அங்கே சென்றிருக்கிறேன். சுவரில் வரிவரியாகச் செதுக்கியிருப்பதைச் சித்திர வேலை என்றே எண்ணியிருந்தேன். விரலால் தடவி விளையாடியதும் உண்டு. அவை எழுத்து என்பதும், அவ்வெழுத்தில் எங்கள் ஊர் பேசுகிறது என்பதும் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அந்த வெட்கந்தான் அண்மையில் என்னை மீண்டும் அங்கே அழைத்துச் சென்றது.

வாயிலில் கால் கழுவிக்கொண்டு உள்ளே சென்றேன். நகரத்துக் கோயில்களின் ஆரவாரம் இல்லை. அடித்தளத்தில் விரலளவில் ஆடல் மகளிரின் சிற்பங்கள். குனிந்து பார்ப்பவர்க்கே அவை தெரியும். சோழர் கல்வெட்டுகளோடு, வடக்கேயிருந்து படையெடுத்து வந்த இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகளும் இங்கே உள்ளன. ஆண்ட அரசர் மாறினர். எழுதிய சுவர் மாறவில்லை.

அவற்றுள் என் மனத்தைப் பற்றிக்கொண்டது அரசர் பெயரன்று, ஏரியைப் பற்றிய செய்தி. பத்து வயதுக்கு மேற்பட்டு, எண்பது வயதுக்கு உட்பட்ட ஆட்கள் ஏரியில் குழி வெட்டி மண் எடுக்க வேண்டும் என்று சபையார் முறை வகுத்திருக்கிறார்கள். எண்பது வயது! கிழவரையும் விட்டு வைக்கவில்லையே என்று சிரிப்பு வந்தது. பின்பு நினைத்துப் பார்த்தேன்: ஏரி தூர்ந்தால் கிழவருக்கும் சோறில்லை.

இந்தச் சுவருக்கும் மூத்த ஒரு சான்று இவ்வூருக்கு உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்குத் தானமாயின. வித்தியாஸ்தானம் என்றால் கல்லூரி. நான்கு வேதம், ஆறு அங்கம், மீமாஞ்சை, நியாயம், புராணம், தருமசாத்திரம் எனப் பதினான்கு கல்விகள் வழங்கிய இடம். வயலின் விளைச்சல் மாணாக்கரின் படிப்பாயிற்று.

அந்தத் தானத்தை வடமொழியிலும் தமிழிலும் பொறித்த ஐந்து செப்பேடுகள் 1879-இல் பாகூரில் கிடைத்து, கடல் கடந்து பாரிஸ் தேசிய நூலகத்தை அடைந்தன. கல்லூரி நின்ற இடத்தை இன்று யாரும் காட்ட இயலாது. ஏடுகள் நம்மிடம் இல்லையே என்று வருந்துவோர் உண்டு, நானும் வருந்துகிறேன். ஆனால் உருக்குக் கொட்டிலில் குடமாகவும் குத்துவிளக்காகவும் மாறிப்போன செப்பேடுகளை நினைத்தால், என் வருத்தம் பாதியாகிறது. மற்றப் பாதி குறையவில்லை.

ஜப்பான் நாட்டில் இசே என்னுமிடத்திலுள்ள ஷிண்டோ ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதுமரத்தால் புதிதாகக் கட்டுகிறார்கள். 690-இல் தொடங்கிய வழக்கம். 62-ஆவது முறை 2013-இல் நடந்தது. அங்கே பழைமை தச்சரின் கையில் வாழ்கிறது. கட்டடம் போனாலும் கவலையில்லை. நம்முடையது கல். கல்லைப் புதிதாக்கப் புகுந்தால் எழுத்துப் போய்விடும். திருப்பணி என்ற பெயரில் மணலை வீசிச் சுவரைத் தேய்த்ததால் தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் எழுத்துகள் மழுங்கியதை நாம் அறிவோம். பாகூர்க் கோயில் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருப்பது எனக்கு ஆறுதல்.

நான் சுவரருகே நின்றிருந்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். "என்ன ஐயா, வெகுநேரமாய்ப் பார்க்கிறீர்களே, புதையல் குறிப்பா?" என்றார். ஏரிச் செய்தியைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். "எனக்கு எழுபத்தெட்டு. அப்படியானால் இன்னும் இரண்டு வருஷம் மண் சுமக்க வேண்டும்" என்றார், பிறகு, "எந்த வரியில் இருக்கிறது? காட்டுங்கள்" என்றார்.

எனக்குக் காட்டத் தெரியவில்லை. அச்சுப் புத்தகத்தில் படித்தவன் நான்; கல்லில் படிக்கக் கற்றவன் அல்லேன். அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. ஏரிக்கு என்னை அழைத்துச் சென்றார்.

தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே வரும் நீர்தான் அவ்வேரியை நிரப்புகிறது. கரையில் நின்றோம். நீர்ப்பறவைகள் தாழப் பறந்தன. 1752-இல் இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்ட ஊர் இதுவென்று சொல்லத் தொடங்கினேன். பெரியவர் அதைக் கேட்கவில்லை. கரையோரம் மேடிட்டிருந்த வண்டலைக் கைத்தடியால் குத்தி, அதன் ஆழத்தை அளந்துகொண்டிருந்தார்.