நாரும் கான்கிரீட்டும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திப் பேனா பிடித்தவர்கள். பொறியியல் கற்றவர்கள் அல்லோம். எனினும் ரயில்வேயில் கட்டட வேலைப் பில்களை நெடுங்காலம் சரிபார்த்து வருவதால், பெரிய அலுவலகக் கட்டடங்களில் இன்று பயன்படும் நார் கலந்த கான்கிரீட்டைப் பற்றிச் சில கூற விழைகிறோம்.

நம் ஊர்ப்புறங்களில் மண்சுவர் எழுப்புவோர் மண்ணோடு வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிப்பர். காயும் மண் வெடிக்காதவாறு வைக்கோல் பிடித்து நிறுத்தும். கான்கிரீட்டின் இயல்பும் ஏறத்தாழ அதுவே. அழுத்தும் பாரத்தை அது நன்கு தாங்கும். இழுவிசையைத் தாங்கும் வலிமையோ பத்தில் ஒரு பங்கேயாம். இக்குறையைப் போக்கவே உள்ளே இரும்புக் கம்பி இடுகின்றனர். மோனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர் இரும்பு வலையிட்ட செடித்தொட்டிகளுக்கு 1867இல் காப்புரிமை பெற்றார். ஆனால் கம்பிக்கும் கம்பிக்கும் இடையே மெல்லிய வெடிப்புகள் தோன்றவே செய்தன. நெருங்கி அமைந்த மெல்லிய இழைகள் அவ்வெடிப்பு பரவாமல் தடுக்கும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்களான ரோமுவால்டியும் பாட்சனும் 1963இல் விளக்கினர்.

எஃகு நார் 30 முதல் 60 மில்லிமீட்டர் நீளமுடையது; முனைகள் கொக்கிபோல் வளைந்திருக்கும். கனமீட்டருக்கு 20 முதல் 40 கிலோ வரை கலப்பது வழக்கம். உயர்ந்த அலுவலகக் கட்டடங்களில் எஃகு உத்தரங்களின்மேல் மடிப்புத் தகடு பரப்பிக் கான்கிரீட் ஊற்றுவர். அத்தளங்களில் கம்பிவலை விரிக்கும் வேலையை நார் பெரிதும் மிச்சப்படுத்துகிறது.

பாலிப்ரோபிலீன் நார் வேறு வகை. கனமீட்டருக்கு 900 கிராம் அளவிலேயே அது, ஈரம் விரைந்து உலர்வதால் நேரும் வெடிப்பைக் குறைக்கும். நாகபுரியின் மே மாத வெயிலை அறிந்த நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. தீ விபத்தில் கான்கிரீட்டினுள் இருக்கும் ஈரம் ஆவியாகி அதனைச் சிதறடிக்கக்கூடும். இந்நார் ஏறத்தாழ 160 பாகையில் உருகி ஆவிக்கு வழிவிடுகிறது.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. ஓரிடத்தில் பதிவேட்டு அறையின் புதுத்தளம் முதற் கோடையிலேயே வெடித்தது. பெயர்த்துப் பார்த்தபோது எஃகு நார் ஒரு மூலையில் குருவிக்கூடுபோல் உருண்டு கிடந்தது. மற்ற இடங்களில் பெயருக்கும் இல்லை. பில்லில் நாரின் எடை சரியாகவே இருந்தது. அதில் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் நாமே. காகிதம் சரி, தளம் சரியில்லை.

ஆதலின் கட்டட வேலையில் இறங்கும் நம் காலனிப் பிள்ளைகளுக்கு இரண்டு சொல்வோம். தூணிலும் உத்தரத்திலும், நார் இருக்கிறதே என்று பொறியாளர் கணக்கின்றிக் கம்பியைக் குறைக்க விடாதீர்கள். கலவை நன்கு கலந்ததா என்பதைக் களத்தில் நின்று கண்ணால் கண்டபின் கையெழுத்திடுங்கள். அத்தளத்தின்மேல் நூற்றுக்கணக்கானோர் நாள்தோறும் நம்பி அமர்வர்.